கரடிக்குட்டிக்குச் சோறூட்டிய கேம் பெட்டி

ஒரு காட்டில், செல்போன் டவர் கிடைக்கிற மேட்டுப் பக்கமாக, மங்களம் என்றொரு கரடி குடியிருந்தது. அதற்கு ஒரே பெண்குட்டி. பெயர் தேனரசி. பெயரில்தான் தேன் இருந்ததே தவிர, தேனடையையே கொண்டுவந்து காட்டினாலும் அது வாயைத் திறக்காது.

கையில் கேம் பெட்டி இருந்தால்தான் சோறு இறங்கும். கையகலப் பெட்டி. நடுவில் திரை, இரண்டு பக்கமும் பொத்தான். திரையில் ஒரு மீன் துள்ளும். மீன் துள்ளும்போது குட்டி வாயைப் பிளக்கும். அந்த நேரம் பார்த்து, இலுப்பைப்பூவும் கறையானும் பிசைந்த உருண்டையை உள்ளே தள்ளிவிட வேண்டும். மீன் செத்துப்போனால் அழுகை, அத்தோடு சாப்பாடு முடிந்தது. பிள்ளை வளர்த்தவர்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை.

அப்படி இருக்கையில் ஒருநாள் பெட்டி மீனைக் காட்டவில்லை. ‘இந்தப் பெட்டிக்கு வயதாகிவிட்டது. புதுப் பெட்டி வாங்கிக்கொள்ளவும்’ என்று ஒரு வரியைக் காட்டிவிட்டு அணைந்துபோனது. குட்டியும் வாயை இறுக்கி மூடிக்கொண்டது.

அங்கன்வாடியில் எடை போடுகிற யானை டீச்சர் குட்டியைத் தூக்கிப் பார்த்தது. “என்ன மங்களம், கரடிக்குட்டியைக் கூட்டிட்டு வரச் சொன்னா அணில்குட்டியைக் கூட்டிட்டு வந்திருக்கே? அடுத்த தடவையும் எடை ஏறலைன்னா, நானே உட்கார வச்சு ஊட்டிருவேன், பாத்துக்க” என்று எல்லாத் தாய்மார் முன்னாலும் சொல்லிவிட்டது. யானை ஊட்டினால் வாழைத்தாரைத் தாரோடுதான் ஊட்டும். 

மங்களம் பெட்டியை எடுத்துக்கொண்டு நேராக, பழுதுபார்க்கிற ஒரு கீரியிடம் போனது. அந்தக் கீரியின் பெயர் நாகராசு. கீரிக்கு யார் இந்தப் பெயரை வைத்தது என்று கேட்கக் கூடாது. அதற்கே அந்த வருத்தம் உண்டு.

“வயசெல்லாம் ஆகலைக்கா,” என்றது நாகராசு, பெட்டியை முகர்ந்து பார்த்து. “உள்ளே ஓ.எஸ்.னு ஒண்ணு இருக்கும், மேஸ்திரி மாதிரி. பொத்தானை அமுக்கினா என்ன செய்யணும், திரையில என்ன காட்டணும், எல்லாத்தையும் ஏவுறது அதுதான். இவன் கம்பெனி வச்ச மேஸ்திரி. கம்பெனி போதும்னு சொன்னதும் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்துட்டான். அவனைக் கிளப்பிட்டு நம்ம மேஸ்திரியைக் குடிவச்சிரலாம்.”

“நம்ம மேஸ்திரி எங்கே இருக்கான்?”

“கம்ப்யூட்டருக்குள்ள வேலை பாக்குற மேஸ்திரி ஒருத்தன் இருக்கான். காசில்லாம சும்மாவே வருவான். ஆனா அவனுக்கு இந்த வீடு புதுசு. எந்த சுவிட்ச் எங்கே, கதவு எந்தப் பக்கம் திறக்கும்னு ஒண்ணொண்ணா சொல்லிக் கொடுக்கணும். அதைத்தான் போர்ட் பண்றதுன்னு சொல்லுவோம்.”

“எனக்கு மீன் துள்ளணும் தம்பி. மேஸ்திரி எவனா இருந்தா என்ன?”

“துள்ளும்க்கா, நான் இருக்கேன்ல.”

சில நாள் போனது. கீரிப் பொந்திலிருந்து திடீரென்று ஒரே கூச்சல். மங்களம் குட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, இலையில் உருண்டையோடு ஓடியது. நாகராசு வாலைத் தூக்கி ஆடிக்கொண்டிருந்தது.

“அக்கா, ஓடுது.”

மங்களம் எட்டிப் பார்த்தது. மீனைக் காணோம். கறுப்புத் திரையில் வெள்ளை வெள்ளையாக எழுத்துகள் வரி வரியாக ஊர்ந்துகொண்டிருந்தன.

“மீன் எங்கே தம்பி?”

“மீனா? மேஸ்திரி வீட்டுக்குள்ள வந்து நின்னுட்டாருக்கா, அதுவே பெரிய விஷயம். போட்டோ எடுத்து குரூப்ல போட்டேன். பக்கத்துக் காட்டுக் கீரியெல்லாம் கை தட்டுது.”

“அவங்கல்லாம் இதுல என்ன கேம் விளையாடுவாங்க?”

“கேமா? நாங்க யாரும் விளையாடுறதில்லக்கா. அதுக்கெல்லாம் நேரம் ஏது?”

மங்களம் பல்லைக் கடித்துக்கொண்டது. “எழுத்துகூட தலைகீழா நிக்குதே.”

மேலே கிளையில் தொங்கிக்கொண்டிருந்த கோமளம் என்ற வௌவால் பெட்டியைப் பார்த்தது. “எனக்கு நேராத்தானே தெரியுது?”

“பாத்தீங்களா, ஒருத்தருக்குச் சரியா வேலை செய்யுது,” என்றது நாகராசு.

மங்களம் பெட்டியை வாங்கித் திருப்பிப் பிடித்தது. எழுத்து நேராகிவிட்டது. நாகராசுக்கு முகம் சுண்டிப்போனது. “அப்படியெல்லாம் கையால திருப்பக் கூடாதுக்கா. உள்ளேயிருந்துதான் திருப்பணும்.”

உள்ளேயிருந்து திருப்பியதில் எழுத்து நேரானது, சத்தம் போய்விட்டது. சத்தத்தைக் கொண்டுவந்ததில் பொத்தான் இடம் மாறிப்போனது. இடது பொத்தானை அமுக்கினால் வெளிச்சம் குறைந்தது. வலதை அமுக்கினால் பெட்டி தூங்கிவிட்டது. மங்களம் தினமும் குட்டியோடும் இலையோடும் போய்ப் பொந்து வாசலில் நிற்கும். எடை போடும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள் அதற்குப் பொறுமை போய்விட்டது. “உன்னை நம்பினதுக்குப் பாம்புகிட்டே கொடுத்திருக்கலாம். உன் பேருக்காவது பொருத்தமா இருந்திருக்கும்” என்று பெட்டியைப் பிடித்து வாங்கிக்கொண்டே குட்டியைத் திரும்பிப் பார்த்தது. குட்டி வாயைப் பிளந்தபடி, திரையில் ஊர்கிற வெள்ளை எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

“அம்மா, கறையான் போகுது.”

மங்களம் மூச்சுக் காட்டாமல் ஓர் உருண்டையை உள்ளே தள்ளியது. இறங்கிவிட்டது. இன்னொன்று, அதுவும் இறங்கியது. எழுத்து கடைசிவரை ஊரும், எதிலோ முட்டும், பெட்டி தானாக அணையும், மறுபடி முதலிலிருந்து ஊரும். சாவதற்கு அதில் மீன் இல்லை, அதனால் அழுகையும் இல்லை. இலை காலியாகிவிட்டது.

“போதும் தம்பி. இப்படியே கொடு.”

“இப்படியே கொடுக்கிறதா? பாதியிலே நிக்குதுக்கா. வெளியே தெரிஞ்சா என் மானம் போயிரும்” என்று நாகராசு பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு பொந்துக்குள் புகுந்தது. சோறு தண்ணி இல்லாமல் வேலை பார்த்து, முழுசாக முடித்துக்கொண்டுதான் வெளியே வந்தது. பெட்டியைத் தட்டியதும் மீன் துள்ளியது. சத்தம் வந்தது. பொத்தானெல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது.

தேனரசி மீனைப் பார்த்தது. பெட்டியைத் தள்ளிவிட்டது. “கறையான் எங்கே?” என்று கேட்டு வாயை மூடிக்கொண்டது. மறுநாள் எடை போடும் நாள்.

“தம்பி,” என்றது மங்களம் தழைந்த குரலில், “கோவிச்சுக்காதே. இதைக் கெடுத்துக் கொடு.”

நாகராசுக்குக் கண் கலங்கிவிட்டது. அழுதுகொண்டே கெடுக்கப் பார்த்தது. இங்கே கிள்ளியது, அங்கே நோண்டியது. மீன் முன்னைவிட நன்றாகத் துள்ளியது.

“வர மாட்டேங்குதுக்கா. நாங்க தெரிஞ்சு கெடுத்ததே இல்ல.”

மங்களம் கொஞ்சம் யோசித்தது. “சரி, விடு. ஆனாலும் பெட்டி எழுந்திருக்க ரொம்ப நேரம் எடுக்குது, இல்லையா? அதைச் சரிபண்ண உனக்கு வருமோ என்னவோ.”

“வருமோவா?” என்று கண்ணைத் துடைத்தது நாகராசு. “கொஞ்சம் வேகப்படுத்தினா போச்சு. ரெண்டே நிமிஷம் இருங்க.”

சொன்னபடியே செய்தது. மீன் போய்விட்டது. கறையான் வரிசை வரிசையாக ஊர்ந்தது. தேனரசி வாயைப் பிளந்தது. அன்றைக்கு அது தின்ற தீனியில், மறுநாள் யானை டீச்சரின் தராசு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது.

இப்போது கீரிப் பொந்து வாசலில் தாய்மார் வரிசை. முயல், மான், காட்டுப்பன்றி, எல்லார் பக்கத்திலும் வாய் திறக்காத குட்டி, எல்லார் கையிலும் நன்றாக ஓடுகிற பெட்டி.

“என்ன பிரச்சினை?” என்று கேட்கும் நாகராசு.

“ஒண்ணுமில்ல தம்பி. இன்னும் கொஞ்சம் நல்லா ஓடினா தேவலாம்.”

நீதி: உங்கள் வீட்டுப் பொருள் ஏதாவது ஒழுங்காக ஓடிப் பிள்ளையின் வயிற்றைக் காயப்போட்டால் கலங்க வேண்டாம். அதை இன்னும் நன்றாக ஆக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள், ஓடாமல் ஆக்கித் தந்துவிடுவார்.