ரங்கத்துக்குச் சொல்லாதே

சொக்கலிங்கம் நாற்காலியில் உட்காருவதற்குள் பக்கத்துத் தீவில் இருக்கும் ரங்கத் ஊரிலிருந்து போன். பேசியவர் முதலாளி தம்பையாவின் மனைவி சந்திரமதி. அந்தச் சின்ன இன்டர்நெட் கம்பெனியின் ரங்கத் கிளையை அவர் பார்த்துக்கொள்கிறார். சொக்கலிங்கம் வேலை பார்க்கும் ஜங்லிகாட் ஆபீஸ் தம்பையாவின் பொறுப்பு. பயப்படுவதென்றால் இரண்டு ஊரிலும் சந்திரமதிக்குத்தான் பயப்படுவார்கள்.

"போன வாரம் அவர் ரூம்ல கேமரா மாட்டச் சொன்னேன்ல, இங்க ஒண்ணுமே தெரியல. சாயங்காலத்துக்குள்ள சரியாகலன்னா நீ கப்பல் ஏறி மெயின்லேண்டுக்கே போயிடு."

சொக்கலிங்கத்துக்கு ஊரில் அப்போதுதான் பெண் அமைந்திருந்தது. வேலை போனால் அதுவும் போச்சு.

இதில் ரூட்டர் என்ற பெட்டியின் சமாசாரம் கொஞ்சம் இருக்கிறது. ஜங்லிகாட் பெட்டியும் ரங்கத் பெட்டியும் 'இன்ன இடத்துக்கு என் வழியாக வரலாம்' என்று ஒன்றுக்கொன்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். எதைச் சொல்லலாம், எதை மறைக்கலாம் என்று நாம் வரிவரியாக எழுதிவைக்க வேண்டும். அதுதான் பாலிசி. சம்பந்தி வீட்டில் வாயைத் திறக்குமுன் நாம் யோசிப்பதில்லையா, அந்த மாதிரி. பெட்டி மேலிருந்து படிக்கும். பொருந்துகிற முதல் வரியோடு நிறுத்திவிடும்.

திறந்து பார்த்தான். முதல் வரியே, 'கேமராவின் வழியை ரங்கத்துக்குச் சொல்லாதே.'

இதை எப்போது எழுதித் தொலைத்தோம் என்று விழித்தான். அழித்தான். ரங்கத்தில் படம் வந்தது.

அந்தக் காலத்தில் இந்தப் பெட்டிகளைத் தன் கையாலேயே மாட்டிய தம்பையா, அவன் தோளைத் தட்டினார். "ரொம்ப டென்ஷனாயிட்ட. போய் டீ குடிச்சிட்டு வாப்பா."

டீ குடித்துத் திரும்பினால் மறுபடி போன். படம் இல்லை. பாலிசியில் அதே வரி, அதே இடத்தில்.

இந்த முறை அழித்ததோடு விடாமல், 'தாராளமாகச் சொல்' என்று உச்சியில் ஒரு வரி எழுதினான். தம்பையா மறுபடி டீக்கு அனுப்பினார். வந்து பார்த்தால் அந்த உச்சிக்கும் உச்சியில் 'சொல்லாதே' உட்கார்ந்திருந்தது.

"என் சீட்ல யாராவது உக்காந்தாங்களா?" என்று கவுன்டரில் இருந்த உமா மகேஸ்வரியிடம் கேட்டான்.

"வெளியாள் யாரும் வரலயே சார்."

ஆத்திரத்தில் பாலிசியையே மொத்தமாகத் தூக்கினான். அங்கேதான் வினை. தடை போயிற்றா, ஜங்லிகாட் பெட்டி தனக்குத் தெரிந்ததையெல்லாம் ரங்கத்திடம் கொட்டிவிட்டது. உலகத்துக்கே வழி ஜங்லிகாட் என்று நம்பிய ரங்கத், தன் போக்குவரத்து மொத்தத்தையும் இந்த ஒல்லி சாட்டிலைட் லைனில் இறக்கியது. இரண்டு ஊரும் நின்றுபோயின.

பக்கத்து மொபைல் கடை பிஸ்வாஸ் வாசலுக்கே வந்துவிட்டார். "அரே பாய், நெட் பந்த், சுத்தமா நின்னுபோச்சு. கஸ்டமருக்கு நான் என்ன சொல்றது?"

"தோ மினிட், தாதா," என்று அந்த வங்காளி அண்ணனிடம் இரண்டு நிமிஷம் கெஞ்சி அனுப்பிவிட்டு, பழைய பாலிசியை ஏற்றினான். ஊர் பிழைத்தது. கேமராவின் வழியையும் திறந்துவிட்டு, தம்பையா கெஞ்சிக் கேட்டதற்காக ஒரு டீ குடித்து வந்தான். 'சொல்லாதே' வந்திருந்தது.

சொக்கலிங்கம் தலையைப் பிடித்துக்கொண்டான். பாவம், அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"உமா, எனக்கு என்னமோ ஆயிடுச்சு. நானே எழுதுறேன், நானே மறந்துடுறேன். முதலாளியம்மாகிட்ட சொல்லிட்டு நானே கப்பல் ஏறிடுறேன். அந்தப் பொண்ணு வீட்டுலயும் வேண்டாம்னு சொல்லிடணும்."

அவன் போனை எடுப்பதைப் பார்த்து உமா மகேஸ்வரிக்கு மனசு கேட்கவில்லை. முதலாளி அறைக் கதவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்க டீக்குப் போனதும் முதலாளிதான் சார் உங்க சீட்ல உக்காந்து என்னமோ தட்டிட்டு, சுகருக்கு ஆகாதுன்னு அம்மா தடுத்த ஜிலேபியை உள்ள போய் சாப்பிடுறாரு. கேமராவைக் கழட்டினா அம்மா அவரைத் திட்டுவாங்க, வழியை மறைச்சா உங்களைத்தானே திட்டுவாங்க."