இவருக்குப் பதில் இவர்

"அடியே, செத்த பொணம் எச்சி முழுங்குதுடி!"

சோணையம்மாள் இப்படிச் சொன்னதும், ஒப்பாரி வைக்க உட்கார்ந்திருந்த பத்துப் பெண்களும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

"கட்!" என்று தலையில் கைவைத்தார் இயக்குநர் விஜய்ஆனந்த். இது ஏழாவது டேக்.

சமயநல்லூர் பக்கம் ஒரு தோட்டத்து வீடு. வாசலில் கதாநாயகன் முகேஷ் மாலையும் கழுத்துமாகக் கிடந்தான், பிணமாக. படத்தின் கடைசிக் காட்சி இது. இதில் அழுகை வராவிட்டால் படமே இல்லை என்று தயாரிப்பாளர் ராமமூர்த்தி காலையிலேயே வில்லாபுரத்திலிருந்து வந்து சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்காமல் நாற்காலி போட்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

விஜய்ஆனந்த் ஒன்பது வருடம் ஒரே சீரியலில் மூத்த மகனாக நடித்தவர். இயக்குநர் ஆகியே தீருவது என்று போன மாதம்தான் அதை உதறிவிட்டு வந்தார். மறுநாளே 'இவருக்குப் பதில் இவர்' என்று எழுத்துப் போட்டு அந்த இடத்தில் வேறொருவனை நிறுத்திவிட்டார்கள். ஒன்பது வருடத்துக்கு ஐந்து நொடி! அன்றிலிருந்து அவர் டிவி பக்கமே திரும்புவதில்லை. மனுஷனுக்கு வலிக்காதா?

"எல்லாருக்கும் கிளிசரின் போடுங்கப்பா" என்றார்.

போட்டார்கள். கண்ணீர் வந்தது, வசவும் வந்தது.

"கண்ணு அவிஞ்சு போச்சே, நாசமாப் போறவனே!" என்று பத்துப் பேரில் ஒருத்தியான செல்லத்தாய் அலறிக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். அதுதான் அன்றைக்குத் தெளிவாகப் பதிவான ஒரே வசனம்.

"அண்ணே, அழுகுற மொகங்கள மட்டும் எடுப்போம். தெரிஞ்ச மொகம் படுத்திருந்தா அழுகை தானா வரும்ணே" என்றார் உதவி இயக்குநர்.

முகேஷ் எழுந்துகொள்ள, செல்லத்தாயின் கணவர் விருமாண்டி ஆசையோடு வந்து படுத்தார். முகம் கழுவிவிட்டுத் திரும்பிய செல்லத்தாய் அதைப் பார்த்துவிட்டாள்.

"நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், எம்புருசனுக்கு எவன்டா பொண மாலை போட்டது?"

விளக்குமாறு வந்தது. பிணம் வேலி தாண்டி ஓடியது.

ராமமூர்த்தி எழுந்து வேட்டியைத் தட்டினார். "தம்பி, போதும். இத்தோட நிறுத்திக்கிருவோம்."

விஜய்ஆனந்த் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். சீரியலும் போய், சினிமாவும் போனால் எங்கே நிற்பது?

"ஒரே ஒரு தடவை சார். நானே படுக்கிறேன்."

மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு படுத்துக் கண்ணை மூடினார். சோணையம்மாள் குனிந்து அந்த முகத்தையே உற்றுப் பார்த்தாள். திடீரென்று மாரில் அடித்துக்கொண்டாள்.

"அய்யோ, ஒம்பது வருசம் போச்சே! ஒரு நா விடாம இந்த மொகத்தப் பாத்தமே!"

அவ்வளவுதான். பத்துப் பேரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு கதறினார்கள். ராமமூர்த்தி கைக்குட்டையைத் தேடினார். கட் சொல்ல வேண்டிய ஆளோ, மூடிய கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர் வழியக் கிடந்தார். ஐந்து நொடி எழுத்தில் அழித்துவிட முடியுமா என்னை?

"சனம் எம்புட்டுப் பாசம் வச்சிருக்கு உங்க மேல!" என்றார் ராமமூர்த்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இனிமே நீங்கதான் ஹீரோ. மொதல்லேருந்து எடுப்போம்."

முகேஷ் சட்டையை மாட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் மினி பஸ் ஏறிவிட்டான். அவனை வைத்துப் பன்னிரண்டு நாள் எடுத்ததெல்லாம் வீண். விஜய்ஆனந்த் அதைப் பொருட்படுத்தவில்லை. மாலையைக்கூடக் கழற்றாமல் சோணையம்மாளிடம் போனார்.

"ஆத்தா, எம்மேல உங்களுக்கு இம்புட்டுப் பாசமா?"

"பாசமா? அட போய்யா!" சோணையம்மாள் இன்னும் விசும்பிக்கொண்டிருந்தாள். "ஒனக்குப் பதிலா ஒரு பய வாரான்ல, என்னமா நடிக்கிறான்! ஒம்பது வருசமா ஒன்னையவா பாத்துக்கிட்டுக் கெடந்தோம்னு நெனச்சோம், அழுகைய அடக்க முடியல."