டெய்லர் அக்காவின் ஆட்சேபணைகள்

ஆட்சேபணை சொல்வதற்கென்றே பிறந்தவர் எங்கள் டெய்லர் அக்கா. சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று நீங்கள் சொன்னால், "எந்த மாசத்துலீங்க?" என்று கேட்பார். சொந்த ஊர் தமிழ்நாட்டு எல்லைப்பக்கத்து ஹனூர். மைசூர் விஜயநகரில் ஒற்றைத் தையல் மெஷினோடு குடியிருந்தார்.

அவர் தெருவை ஒட்டிய காலி நிலத்தில் ஓர் ஆராய்ச்சி வளாகம், அதற்கு அப்பால் ரயில் நிறுத்தம் என்று திட்டம் போட்டார்கள். அக்கம்பக்கத்தாரிடம் கருத்துக் கேட்கும் கூட்டங்களில் குறிப்பெடுப்பது என் வேலை. முதல் கூட்டத்துக்குப் பாதிப் பேர் போண்டாவுக்காக வந்தார்கள். அக்காவுக்குப் போண்டா மீதே ஆட்சேபணை. "தேங்காச் சில்லு போடலீங்களே?" அதையும் குறித்துக்கொண்டேன்.

வரைபடம் போட்ட நிபுணர் சென்னைக்காரர். திரையில் வண்ணப்படம் காட்டி, "உங்க தெருவிலேருந்து ஸ்டேஷனுக்கு அஞ்சே நிமிஷ நடை" என்றார்.

"யாருங்க நடந்து பாத்தது?" பின்வரிசையிலிருந்து அக்கா.

"கம்ப்யூட்டர் போட்ட கணக்கும்மா."

"அதுக்கு முழங்கால் வலி இல்லீங்களே!"

அக்கா சொன்னதில் விஷயம் இருந்தது. ஐந்து நிமிடம் என்பது வளாகத்துக்குள் புகுந்து போகிறவர்களுக்கு. தெருப்பக்கமோ வரைபடத்தில் நீளமான மதில். தெருக்காரர்கள் அதை முழுக்கச் சுற்றித்தான் போக வேண்டும்.

மறுநாள் உச்சி வெயிலில் நிபுணரை அக்கா அந்தச் சுற்றுவழியில் நடக்க வைத்தார். நிபுணரின் ஒரு கையில் அக்கா தைத்த ரவிக்கை மூட்டை. இன்னொரு கையில் பக்கத்து வீட்டு கௌரம்மா. கௌரம்மாவுக்கு முழங்கால் வலி. ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று மருமகளைப் பற்றிச் சொன்னார். நான் கடிகாரத்தோடு பின்னால் போனேன். எனக்குப் பின்னால் ஒரு நாய். முப்பத்தெட்டாவது நிமிடம் நிறுத்தம் வரப்போகிற இடத்தை அடைந்தோம். நிபுணர் ஒரு கல்லில் சரிந்து, "தண்ணி இருக்காம்மா?" என்றார்.

"ஏனுங்க, அஞ்சு நிமிஷ நடைக்கு யாராச்சும் தண்ணி கொண்டாருவாங்களா?"

அடுத்த கூட்டத்தில் வரைபடத்து மதிலில் ஒரு வாசல் முளைத்திருந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். அக்கா எழுந்தார்.

"அகலம் பத்தாதுங்க. மழைக்காலத்துல ரெண்டு பேரு எதிரெதிரா வந்தா?"

சொன்னதோடு நிற்கவில்லை. இரண்டு நாற்காலிகளை வாசல் அகலத்துக்குப் போட்டு, ஒரு குடையைக் கௌரம்மாவிடம் கொடுத்து, இன்னொன்றைத் தானே விரித்துக்கொண்டு எதிரே நடந்தார். குடைகள் சிக்கிக்கொண்டன. பிரிக்கப் போன நிபுணரின் மூக்குக்கண்ணாடி பறந்தது. வாசல் அகலமானது. பகலெல்லாம் திறந்திருக்கும் என்று எழுதியும் வாங்கிவிட்டார்.

கடைசிக் கூட்டத்துக்கு அக்கா வரவில்லை. பத்தே நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை. நிபுணர் பின்வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா எங்கே?"

"காய்ச்சலு" என்றார் கௌரம்மா.

இறுதி வரைபடத்தோடு நிபுணரும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம். கம்பளிக்குள்ளிருந்து கையை நீட்டி வாங்கினார். பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்குதுங்க. சொல்றதுக்கு ஒண்ணுமில்ல."

எங்களுக்குப் பகீரென்றது. நிபுணர் வரைபடத்தைப் போட்டது போட்டபடி ஆட்டோ பிடிக்க ஓடினார்.

ஆட்டோ ஆஸ்பத்திரிக்குப் பாதி வழி போனதும் அக்கா கண்ணைத் திறந்து, "ஏனுங்க, இந்த ஆளு எதுக்கு இப்படிச் சுத்திக்கிட்டுப் போறாரு?" என்றார். அப்போதுதான் எங்கள் இருவருக்கும் மூச்சே வந்தது.