தமாலேப் பானைக்கு ஒரு நிஜக் கோபம்

விசாலியா,
செவ்வாய்க்கிழமை.

பேக்கர்ஸ்பீல்டில் வசிக்கும் மதிப்பிற்குரிய மைத்துனர் எலியோடோரோ அவர்களுக்கு, தங்கள் தங்கை ஒபேலியாவின் கணவன் ஃபௌஸ்டினோ எழுதிக்கொள்வது. குவாதலூப்பே மாதா புண்ணியத்தில் இங்கு யாவரும் நலம். தங்கள் நலமும், தங்கள் முழங்காலின் நலமும் அறிய ஆவல். நாலு வருஷமாகப் பேசாதவன் திடீரென்று எழுதுகிறானே, யாராவது போய்விட்டார்களோ என்று பதற வேண்டாம். எல்லோரும் இருக்கிறோம். சமாதானம் பேசவும் எழுதவில்லை. விஷயம் வேறு.

என் மகள் யாதிரா நர்ஸ் படிப்புக்குப் போக வேண்டுமென்றால், இங்குள்ள சமுதாயக் கல்லூரியில் அறிவியல் வகுப்பில் தேறியாக வேண்டும். பாடத்தில் வருகிற எதையும் நம் வீட்டில் கண்டதில்லை என்று போன தடவை பாதியில் விட்டவள். இந்தத் தடவையும் போனால் என்னோடு ஆரஞ்சு பேக்கிங் கொட்டகைக்கே வந்துவிடுவதாகச் சொல்கிறாள். அங்கே என் முதுகு படும் பாடு எனக்குத்தான் தெரியும். நல்ல வேளையாக, புதிதாக வந்திருக்கும் கின்தானா டீச்சர் வேறு மாதிரி. உங்கள் வீட்டில் நம்புகிற ஒன்றைக் கொண்டுவாருங்கள், யாரும் சிரிக்காமல் சோதித்துப் பார்ப்போம் என்றிருக்கிறார். ஒருத்தன் முட்டையால் திருஷ்டி கழிப்பதை எடுத்துக்கொண்டானாம். நம்மவள் எடுத்தது, அடுப்புக்குப் பக்கத்தில் கோபக்காரர் இருந்தால், சோளமாவைச் சோளத்தோலில் பொதிந்து ஆவியில் வைக்கும் தமாலே வேகாது என்கிற உங்கள் அம்மாவின் சட்டம்.

ஒரே மாவு, இரண்டு பானை. சமையலறையில் அமைதிப் பானை, கராஜில் கோபப் பானை. கோபப்படுவதற்கு நான் நியமிக்கப்பட்டேன். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து மின்சார பில்லை முறைத்துப் பார்த்தேன், கோபம் வரவில்லை. வேலி விஷயமாகப் பக்கத்து வீட்டுக்காரரிடம் வம்புக்குப் போனேன், அந்த மனுஷர் ஒரு பை மாதுளையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். திரும்பி வந்தால், அமைதியாக இருக்க வேண்டிய சமையலறையில் ஒபேலியாவும் என் அக்காவும் மாவில் சேர்க்கும் பன்றிக்கொழுப்பின் அளவுக்காக ஒருவர் குடும்பத்தை ஒருவர் சந்திக்கு இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். இத்தனைக்கும் இரண்டு பானையும் பூப்போல வெந்துவிட்டது. ஏனென்று பார்த்தால், உங்கள் தங்கை யாருக்கும் தெரியாமல் இரண்டு பானையின் காதிலும் சோளத்தோலைக் கட்டி, கோபத்துக்குப் பரிகாரம் செய்திருக்கிறாள். கேட்டதற்கு, "இவ்வளவு மாவும் வேகாமப் போனா ஒங்க சயின்ஸா வந்து திங்கும்?" என்கிறாள்.

டீச்சர் திட்டவில்லையாம். பரிகாரம் கூடாது, நடிப்புக் கோபமும் கூடாது, சனிக்கிழமை மறுபடி செய் என்றாராம். யாதிரா மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, நெஜமாச் சொல்லு. யாரப் பாத்தா ஒனக்குக் கோவம் வரும்?"

யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை மச்சான். அவளுடைய பதினைந்தாவது பிறந்தநாள் விருந்தில், பாட்டுக்காரன் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கி, ஊர் முன்னால், "ஆட்டுக்கறி பிரமாதம், செருப்புத் தைக்கலாம்" என்றீரே. அந்த ஆட்டை நெருப்புக் குழியில் வேக வைத்துவிட்டுக் கண் கொட்டாமல் காவல் இருந்தவன் நான்.

ஆகவே சனிக்கிழமை காலை வந்து, கராஜில் என் எதிரே உட்காரவும். ஆட்டைப் பற்றி ஆரம்பித்தால் போதும், மற்றது தானாக நடக்கும். பிள்ளையின் படிப்பு உம்முடைய வாயை நம்பி இருக்கிறது. அந்த வாயால் இதுவரை நடந்த நல்ல காரியம் ஒன்றும் இல்லை, இதுவாவது நடக்கட்டும்.

மாதா உமது வண்டியையும் முழங்காலையும் காப்பாளாக. உம் மனைவி எர்லிந்தா அக்காவுக்கு என் வணக்கம். உமக்கு இல்லை.

இப்படிக்கு,
இன்னும் மன்னிக்காத,
ஃபௌஸ்டினோ

பி.கு.: யாதிரா இதைப் படித்துவிட்டாள். உன்னைப் பார்த்ததும் நான் சந்தோஷப்பட்டால் சோதனை கெட்டுவிடுமாம், ஒத்திகை பார்க்கச் சொன்னாள். உன் போட்டோவை எடுத்துவைத்து முறைத்தேன். செருப்பு ஞாபகம் வந்ததும் சிரிப்புத்தான் வருகிறது. பயந்துபோய் டீச்சரிடம் கேட்டிருக்கிறாள். கோபம் வராவிட்டாலும் பரவாயில்லை, நடந்ததை நடந்தபடி எழுதினால் மார்க் உண்டு என்று சொல்லிவிட்டாராம். ஆக, நீ வந்துதான் ஆக வேண்டும் என்று ஒன்றும் இல்லை. இருந்தாலும் வெள்ளிக்கிழமையே வந்துவிடு. ஆடு வாங்கிவிட்டேன். இந்தத் தடவை நெருப்பை நீ பார்த்துக்கொள்.