ஒரே அளவு ஓட்டைகள்

இல்லை மாமா, அந்த ஓட்டையை அடைத்தது இராணுவமில்லை. நாங்கள்தான். பழைய கட்டடத்தைப் பாதுகாக்கவென்று சம்பளம் வாங்குகிற நாங்கள்.

ஸலாம் சொல்ல மறந்தேன். அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா சுகம். புத்தளத்தில் உங்கள் முழங்காலும் சுகமாயிருக்க துஆச் செய்கிறோம்.

வாசிகசாலைத் தோட்டத்தில் தொடங்குகிறேன். வெள்ளைக்காரன் காலத்துப் படமொன்றில் இருப்பதுபோலவே அதை மீட்க வேண்டும் என்றார்கள். கறுப்பு வெள்ளைப் படம். பூக்கள் மஞ்சளா சிவப்பா என்று காலை முழுக்கச் சண்டை. படத்தில் மாதுளை இல்லை. அதனால் அங்கே தோட்டக்காரராயிருந்த உங்கள் வாப்பா நட்ட மாதுளையைத் தறித்தார்கள். அதற்கு மட்டும் சண்டையில்லை. பிறகு சுவர். மேசன் சிமியோன் அண்ணை துப்பாக்கிச் சூட்டு ஓட்டை ஒன்று விடாமல் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்து, சுவரை முட்டைக்கோதுபோல வழுவழுப்பாக்கினார். கொழும்பிலிருந்து வந்த அதிகாரி, "போரின் தழும்புகள் எங்கே? அவையும் வரலாறு" என்று துள்ள, ஒப்பந்தக்காரர் லெனாட் அன்று பின்னேரமே ட்றில் மெஷினைக் கொண்டுவந்து கொடுத்தார். நான் போனபோது சுவர் முழுக்க ஓட்டை, வரிசை வரிசையாக.

"அண்ணை, இதென்ன செய்து வைச்சிருக்கிறியள்?"

"உவர் லெனாட்தான் திறக்கச் சொன்னவர், பிள்ளை. முந்தி ஒண்டு பெரிசு, ஒண்டு சின்னன், ஒரு ஒழுங்கில்லை. இப்ப பாருங்கோ, எல்லாம் ஒரே அளவு."

"மூண்டாம் யன்னலுக்குக் கீழை இருந்தது எங்கை?"

"அங்கையும் நாலு போட்டிருக்கு. விருப்பமானதை எடுங்கோவன்."

அவருக்குத் தெரியாது. உங்கள் வாப்பாவைக் கொன்ற குண்டு துளைத்த ஓட்டை அது. அவர் உடலை லொறியில் ஏற்றியவர்கள் மையத்தை அடக்கத் திருப்பித் தரவில்லை. எங்களுக்குக் கபுறு என்று இருந்தது அந்த ஓட்டை மட்டும்தான். தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரையும் ஊரைவிட்டுத் துரத்திய அன்று நீங்கள் விரலை விட்டு அழுத ஓட்டை. இப்போது நான்கு கபுறு. ஒன்றிலும் அவர் இல்லை.

ஆகவே பெருநாளுக்கு முந்தி வந்து அங்கே யாஸீன் ஓதுகிற எண்ணத்தை விடுங்கள். வராதீர்கள்.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் எனக்கு வேறு வேலையையும் தரட்டும். மாமிக்கு ஸலாம்.

உங்கள் மருமகள்
நிலூபா

பி.கு.: உறையில் போடுமுன் நீங்கள் போன் எடுத்துவிட்டீர்கள். "மகள், வாப்பான்ரை ஓட்டை இருக்குதோ?"

"ஓம் மாமா. அப்பிடியே இருக்கு. வாங்கோ" என்றேன்.

கடிதத்தை மேசை லாச்சிக்குள் வைத்தேன். சிமியோன் அண்ணையிடம் சாந்தும் உளியும் வாங்கிப் போய் மூன்றை அடைத்தேன். மிச்சமிருந்த ஒன்றைக் கோணலாக்கினேன்.