ஒரு புத்தகத்தைச் சுற்றிப் பன்னிரண்டு பேர்

இருபத்திரண்டு வயதில், கையில் ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழோடு நிற்கிற பெண்ணுக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுக்க முடியாது. நான் அப்படித்தான் இருந்தேன். இப்போதும் பெரிதாக மாறிவிடவில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள், அது வேறு விஷயம்.

அறுபதுகளின் நடுவில் நாங்கள் போர்ட் பிளேரில், டெலானிபூர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா அரசாங்க கிளார்க். பெரார்கஞ்ச் பள்ளிக்கூடத்தில் புதிதாகத் தொடங்கிய தமிழ்ப் பிரிவில் எனக்கு வேலை கிடைத்தது. காலை பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்புவேன். பிரிவும் தற்காலிகம், என் வேலையும் தற்காலிகம். வருஷக் கடைசியில் அதிகாரி வந்து பார்ப்பார். பிள்ளைகளுக்குப் படிக்க வந்திருந்தால் பிரிவு நிலைக்கும். இல்லாவிட்டால் அவர்களை ஹிந்திப் பிரிவில் சேர்த்துவிட்டு என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்பா அதற்குத் தயாராகவே காத்திருந்தார்.

"ஏட்டி, செக்‌ஷன மூடிட்டான்னா அடுத்த கப்பல்ல ஊருக்குக் கிளம்பு. வள்ளியூர் மாப்பிள்ள வீட்டுல எத்தன நாளைக்குத்தான் காத்துக்கெடப்பாக" என்பார்.

(வள்ளியூர் மாப்பிள்ளையை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். ஒரு மணி நேரம் பம்ப் செட்டைப் பற்றியே பேசினார். மீதி ஆயுளுக்கும் அவரிடம் அதே விஷயம்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது.)

பள்ளிக்கூடம் திறந்தது, பாடப்புத்தகம் வரவில்லை. மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த புத்தகக் கட்டை யாரோ திக்லிபூர் மூட்டைகளோடு ஏற்றி வடக்கே அனுப்பிவிட்டார்கள். மாதிரிக்கென்று தனியாகத் தபாலில் வந்த ஒரே ஒரு வாசகப் புத்தகம்தான் என் கையில் இருந்தது. பிள்ளைகள் பன்னிரண்டு பேர்.

கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். இருந்த ஒரு பலகையை ஹிந்திப் பிரிவு வைத்துக்கொண்டது. தவிர, எட்டு மாசம் மழை பெய்கிற ஊரில் சாக்பீஸ் சோப்பு மாதிரி வழுக்கும். சரி, சிலேட்டு? அதைத்தான் என் சான்றிதழ் தடுத்தது. எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொடுப்பது அந்தக் காலத்து முறை, முழுச் சொல்லையும் படம்போலக் கண்ணில் பதியவைப்பதுதான் புது முறை என்று பயிற்சிப் பள்ளியில் கற்றுவந்திருந்தேன். கற்றதை விடுவேனா?

தரையில் பாயை விரித்தேன். நடுவில் புத்தகம். சுற்றிலும் பிள்ளைகள். என் பக்கத்தில் நாலு பேர், எதிரே நாலு பேர், இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு. நான் ஈர்க்குச்சியால் சொல்லைத் தொடுவேன், ஒவ்வொருவராகச் சொல்வார்கள். யாரும் இடம் மாறக் கூடாது. இடம் மாறினால் கவனம் மாறும் என்பது நானே கண்டுபிடித்த தத்துவம். மழைக்கு ஒழுகினாலும் நனைந்துகொண்டு அதே இடத்தில் உட்கார்ந்தார்கள், பாவம்.

இரண்டே மாதத்தில் பன்னிரண்டு பேரும் கடகடவென்று படித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. எதிரே உட்கார்ந்த கதீஜாதான் எல்லோரிலும் கெட்டிக்காரி. பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்த பாயின் மகள், ஏழு வயது.

ஒருநாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது பாய் என்னிடம் வந்தார்.

"டீச்சரம்மா, நம்ம புள்ளைக்குக் கண்ணுல ஏதும் கோளாறு இருக்குமா?"

"ஏன் பாய்?"

"கடையில எதை எடுத்தாலும் கவுத்து வச்சுத்தான் படிக்கிறா. நேத்து பிஸ்கட் டின்னைக் கவுத்துட்டா. மூடி சரியா இல்ல. பிஸ்கட்டு பூரா மண்ணுல."

"படிக்கிறாளா இல்லையா?"

"படிக்கிறாம்மா. அதுல கொற இல்ல."

"அப்புறம் என்ன? குழந்தைகள் மனசு வேற மாதிரி பாய். அது உங்களுக்குப் புரியாது."

அவர் "அச்சா, டீக் ஹை" என்று ஹிந்தியில் ஒப்புக்கொண்டு போய்விட்டார். நியாயமாக அன்றைக்கு அவர் என்னை நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

நானோ அன்று ராத்திரியே கல்வி அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் நாலு பக்கம் எழுதினேன். ஒரே புத்தகத்தில் பன்னிரண்டு பேரைப் படிக்கவைத்த என் 'வட்ட முறை'யை மற்றத் தீவுகளிலும் கையாளலாம் என்று யோசனை சொல்லி, நேரில் வந்து பார்க்கும்படி அழைப்பும் விடுத்தேன். (சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான்.)

அதிகாரி வருஷக் கடைசிவரை காத்திருக்காமல் அடுத்த வாரமே ஜீப்பில் வந்து இறங்கினார். ஹிந்திக்காரர், தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. முகம் நிறையச் சந்தோஷம். திக்லிபூர் போயிருந்த புத்தகக் கட்டை மீட்டுக் கையோடு கொண்டுவந்திருந்தார். ஆளுக்கொரு புதுப் புத்தகத்தை அவரே தன் கையால் கொடுத்தார்.

நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு கம்பீரமாகச் சொன்னேன்: "ம், எல்லாரும் மூணாம் பாடம் படிங்க."

என் பக்கத்து நாலு பேர் புத்தகத்தைப் பிரித்துப் படித்தார்கள். எதிர்ப்பக்கத்து நாலு பேர் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பிவைத்துக்கொண்டு படித்தார்கள். இடப்பக்கத்து இரண்டு பேர் ஒரு பக்கமும் வலப்பக்கத்து இரண்டு பேர் மறுபக்கமும் சாய்த்துவைத்துக்கொண்டு படித்தார்கள். பன்னிரண்டு குரலும் ஒன்றாக, ஒரு பிசகு இல்லாமல்.

மூன்றாம் பாடம் யானை. தமிழ் தெரியாவிட்டாலும் யானை எந்தப் பக்கம் நிற்கும் என்று அதிகாரிக்குத் தெரியும். கதீஜாவின் புத்தகத்தில் அது நாலு காலையும் வானத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

"ஹாத்தி கோ க்யா ஹுவா?" என்று அவளிடம் கேட்டார். யானைக்கு என்ன ஆயிற்றாம்.

"நஹா ரஹா ஹை, சாப்" என்றாள் கதீஜா. குளிக்கிறதாம். மரம் இழுக்கிற யானைகள் ஓடையில் மல்லாந்து கிடப்பதை அந்தப் பிள்ளைகள் அடிக்கடி பார்ப்பவர்கள். இத்தனை நாளும் அவர்களுக்குச் சந்தேகம் வராததற்கு அதுதான் காரணம்.

நான் அப்போதாவது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "புத்தகத்த நேராப் பிடிங்க" என்று அதட்டினேன். பிடித்தார்கள். எட்டுப் பேர் குரல் அப்படியே நின்றுபோயிற்று. முகம் தெரியாத கூட்டத்தில் அப்பாவைத் தேடுகிற மாதிரி அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதிகாரியின் முகம் மாறிவிட்டது. "சப் ரட்டா ஹை, மிஸ்" என்றார். எல்லாம் வெறும் மனப்பாடம் என்கிறார். ஃபைலைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினார். எனக்கு அந்த நிமிஷம் பம்ப் செட் ஓடுகிற சத்தம் காதில் கேட்டது.

"டீச்சர்" என்று கதீஜா கூப்பிட்டாள். "இந்தப் புஸ்தகத்துல தப்பா அச்சடிச்சிருக்காங்க. நம்ம புஸ்தகத்துல வலப்பக்கம் இருந்துதானே வரும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தலைகீழாகப் பார்த்தால் வரி வலமிருந்து இடம் ஓடும். பள்ளிவாசலில் அரபி ஓதும்போதும் அவளுக்கு வலமிருந்துதான் இடம். அவளுக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. சரியில்லாமல் இருந்தது நான்தான். அந்தப் பக்கம் போய் ஒரு நாள், ஒரே ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கவில்லை. கூச்சத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஆனாலும் பேனா காகிதத்தில் படுமுன் சொல்லிவிட்டேன்: "சாப், நான் நடத்தாத பாடம் எதையாவது கொடுங்க."

அவர் யோசித்தார். பிறகு ஜீப் டிரைவரைக் கூப்பிட்டார். டிரைவர் தமிழர். புத்தகத்தின் கடைசிப் பாடத்தைப் பிரித்துத் தரையில் வைத்தார்கள். டிரைவர் ஒரு பக்கம் குந்தினார், கதீஜா எதிர்ப்பக்கம். அவருக்கு நேராகவும் அவளுக்குத் தலைகீழாகவும் புத்தகம் கிடந்தது. அவள் விரலை வைத்து, திக்கித் திக்கி, எழுத்துக் கூட்டி ஒரு பக்கம் முழுக்கப் படித்தாள். டிரைவர் கூடவே விரலை நகர்த்தினார்.

"சாப், பச்சி சஹி பட் ரஹி ஹை" என்றார். சரியாகப் படிக்கிறாள்.

எழுத்துக் கூட்ட நான் அவளுக்குச் சொல்லித்தரவே இல்லை. டீத்தூள் பொட்டலத்திலும் சோப்பு உறையிலும் அவளாகவே பிரித்துப் பிரித்துக் கண்டுபிடித்திருக்கிறாள், எல்லாவற்றையும் கவிழ்த்துவைத்துத்தான். என் புது முறைக்கு அதில் காலணா பங்கு கிடையாது.

அதிகாரி ஃபைலை மூடினார். பிரிவு நிலைத்தது. எனக்கு மட்டும் ஓர் உத்தரவு போட்டார்: டீச்சர் தினமும் ஓர் இடம் மாறி உட்கார வேண்டும். போகும்போது கதீஜாவிடம், டீச்சர் மாறி உட்காராவிட்டால் எனக்குச் சொல் என்றும் சொல்லிவிட்டுப் போனார். எட்டுப் பேரையும் நிமிர்த்த எனக்கு ஏழு மாதம் ஆயிற்று.

கதீஜா மட்டும் நேராகவும் படித்தாள், பழையதையும் விடவில்லை. படித்து முடித்து, போர்ட் பிளேரில் கல்வி அலுவலகத்திலேயே கிளார்க்காகச் சேர்ந்தாள். ஒரு நாள் மூச்சிரைக்க எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"டீச்சர், உங்களை திக்லிபூருக்குப் போடறாங்க. டிரான்ஸ்ஃபர் ஆர்டர் சாப் டேபிள்ல இருக்கு."

"யார் சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. அவர் எழுதிக்கிட்டிருந்தார், நான் எதிர்ல நின்னேன். நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே படிச்சேன்."

அந்தப் புத்தகக் கட்டு போன வழியே நானும் போய், திக்லிபூரில் மூன்று வருஷம் இருந்துவிட்டு வந்தேன்.

போன வாரம் எங்கள் பேரன் கதைப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். "நேராப் பிடிடா" என்று சொல்ல வாயெடுத்தேன். என் கணவர் (வள்ளியூர்க்காரர் இல்லை) பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்:

"மொதல்ல எழுந்து அந்தப் பக்கம் போய் உக்காந்து பாரு."

போய் உட்கார்ந்தேன்.