பஞ்சுக்குச்சி சாரும் ஒரு தட்டு இட்லியும்

பெங்களூரில் பஞ்சுக்குச்சி சார் தடவிப் பார்க்காத பொருள் ஒன்று உண்டென்றால், அது சட்டசபைக் கட்டடமான விதானசௌதாவின் உச்சியில் இருக்கும் சிங்கம் மட்டும்தான். அதுவும் அங்கே யாரும் காய்கறி நறுக்குவதில்லை என்பதால் விட்டுவைத்திருந்தார்.

தொம்மலூரில் எங்கள் அலுவலகம். நறுக்கும் பலகை, சமையல் மேடை, ஓட்டல் மேஜை இவற்றையெல்லாம் செய்யும் கம்பெனி. பலகையின் பிளாஸ்டிக்கிலேயே வெள்ளித் துகளைக் கலந்துவிடுவோம். வெள்ளி பட்டால் கிருமி பெருகாது. நிஜமாகவே பெருகவில்லையா என்று பார்ப்பது அவர் வேலை. நுனியில் ஈரப் பஞ்சு சுற்றிய குச்சியால் பலகையைக் குறுக்கும் நெடுக்குமாகத் தடவுவார். அதை ஜெல்லி ஊற்றிய வட்டத் தட்டில் தேய்த்துச் சூடான பெட்டிக்குள் வைப்பார். இரண்டு நாளில் தட்டில் புள்ளி புள்ளியாகக் கிருமிக் கூட்டம் முளைத்து நிற்கும். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர்; பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி.

நான் அங்கே விளம்பர வாசகம் எழுதுகிறவன். ‘கிருமி அண்டாத பலகை’ என்று எழுதி எடுத்துக்கொண்டு போனால் சிவப்புப் பேனாவைத் திறப்பார்.

“‘அண்டாத’ங்கறதை எடுத்துடுங்க ரைட்டரே. குறையும்னு போடுங்க.”

“குறையும்னு போட்டா யார் சார் வாங்குவாங்க?”

“அப்ப கீழே ஸ்வல்ப இன்னொரு வரியும் சேருங்க. இந்தப் பலகையையும் கழுவணும்.”

அப்படியே அச்சாகியும் வந்தது. தன் சரக்கை இவ்வளவு நம்பாத விளம்பரம் உலகத்திலேயே எங்களுடையதுதான்.

வேலை நேரத்தில் தடவினது போதாதென்று மதிய நேரத்திலும் தடவுவார். ஒருநாள் கேன்டீன் வாசலில் ஆறு தட்டுகளைக் கண்காட்சி வைத்தார். ஒவ்வொன்றின் கீழும் சீட்டு. ‘மூன்றாம் மேஜை.’ ‘குழம்புக் கரண்டியின் பிடி.’ எல்லாவற்றையும்விடச் செழிப்பாக முளைத்திருந்த தட்டின் கீழே, ‘எம்.டி. அவர்களின் டிபன் பாக்ஸ் மூடி.’ எம்.டி. அதற்குப் பிறகு இரண்டு மாதம் இவரோடு பேசவில்லை. இவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

கூட வேலை பார்த்தவரின் கல்யாணப் பந்தியில், சாதம் விழுவதற்கு முன் சட்டைப் பையிலிருந்து குச்சியை எடுத்து இலையின் ஓரத்தைத் தடவிவிட்டார். சுகாதார ஆபீசர் வந்துவிட்டார் என்று பெண் வீட்டார் பதறி, அவருக்கு மட்டும் அடுப்பிலிருந்து நேராக எல்லாம் கொண்டுவந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்த புண்ணியத்தில் எனக்கும் சூடான வடை கிடைத்தது.

அவரைக் கண்ணீர்விட வைத்தது எங்கள் கேன்டீனில் சமைக்கும் சாந்தம்மாதான். புதுப் பலகையை முதலில் நம் கேன்டீனிலேயே வைத்துப் பார்ப்போம் என்று சார் அவளிடம் ஒன்றைக் கொடுத்திருந்தார். மூன்று வாரம் கழித்துத் தடவினால், பழைய மரப்பலகையைவிட இதில் இரண்டு மடங்கு கிருமி. மறுபடி தடவினார்; மறுபடியும் அதேதான். சாப்பிடாமல் ஆய்வுக்கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான்காம் நாள் கேன்டீனுக்குப் போய் விரல் நகத்தால் பலகையின் ஓரத்தைச் சுரண்டினார். மேலே ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாள் அப்படியே இருந்தது.

“இதை ஏன்மா உரிக்கல?”

“புது சாமான் சார். கீறல் விழுந்துடும்ல, அதான் கவரோட வெச்சிருக்கேன்.”

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி நின்றார். ஒரு பலகைக்கு இத்தனை அழுகையா என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. அன்றைக்குத்தான் சொன்னார். அவர் மனைவி பத்மாக்காவுக்கு ரத்தத்தில் புற்றுநோய். மருந்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் துடைத்தெடுத்துவிட்டது. நமக்கு ஒன்றும் செய்யாத கிருமிகூட அவருக்கு ஆபத்து. வீட்டிலும் அதே பலகைதான். பலகை பொய்த்துவிட்டதோ என்று சார் நான்கு நாளாகத் தூங்காமல் இருந்திருக்கிறார்.

அதன் பிறகு கேன்டீனில் யாரும் அவரைக் கேலி செய்யவில்லை. சாந்தம்மா மட்டும் தினமும் வந்து, “அக்கா எப்படி சார் இருக்காங்க?” என்று கேட்பாள்.

மல்லேஸ்வரத்தில் அவர்கள் வீடு. இரண்டு தெரு தள்ளி, தட்டு இட்லிக்குப் பேர்போன ஒரு சின்ன ஓட்டல். பத்மாக்கா கல்யாணமான நாளிலிருந்து அங்கே சாப்பிட்டவர். நோய் வந்த இரண்டு வருடமாக அந்த இட்லியைக் கேட்டுக்கொண்டே இருந்தார். சார் மாட்டேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் செய்துகொடுத்தார், தட்டைக் கொதிநீரில் போட்டு, ஈரம் காய்ந்த பிறகே பரிமாறினார். அந்த ருசி வரவில்லை என்றார் அக்கா.

ஒரு புதன்கிழமை காலை, சார் ஆய்வுக்கூடத்தில் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம், அவர் கொடுத்தனுப்பிய ஆஸ்பத்திரிக் காகிதக் கட்டு ஒன்றை அவருடைய வீட்டில் கொடுக்கப் போனேன். அக்கா நாற்காலியில் சாய்ந்திருந்தார். தலையில் முடி இல்லை.

“ஒரு இட்லி வாங்கிட்டு வர்றீங்களா? அவர்கிட்ட சொல்லாதீங்க” என்றார்.

நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்க முடியவில்லை. அவர் வீட்டு டப்பாவையே கொதிநீரில் முக்கி எடுத்துக்கொண்டு போய், ஆவி பறக்கும் பானையிலிருந்து நேராக அதில் போடச் சொன்னேன். சட்னி வேண்டாம் என்றேன். பஞ்சுக்குச்சி சாரை ஏமாற்றவும் அவர் சொல்லிக்கொடுத்த சுத்தம்தான் எனக்குக் கைகொடுத்தது.

நான்கு மாதம் கழித்துப் பத்மாக்கா இறந்துபோனார். ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மாதங்கள் ஆகிவிட்டன என்று புத்தி சொல்லும். நீதான் கொடுத்தாய் என்று மனம் சொல்லும். ஒரு மனுஷன் இரண்டு வருடம் கண்ணிமைக்காமல் கட்டிக் காத்த சுவரில் நான் ஓட்டை போட்டுவிட்டேன் என்று நினைத்து நினைத்துச் செத்தேன்.

காரியமெல்லாம் முடிந்து அவர் வேலைக்கு வந்த அன்று, கேன்டீனில் ஆள் இல்லாத மேஜையாகப் பார்த்து எதிரே உட்கார்ந்தேன். இட்லி வாங்கிக் கொடுத்ததைச் சொல்லிவிட்டேன்.

“தெரியும்” என்றார். “அன்னிக்கு சாயங்காலமே அவ சொல்லிட்டா.”

“ஏன் சார் என்னைத் திட்டவே இல்ல?”

“திட்டத்தான் இருந்தேன். ஒரு வாரம் மணிக்கு ஒரு தடவை ஜுரம் பார்த்தேன். ஏறல. அப்புறம் எதுக்குத் திட்டறது?”

மேஜை ஓரத்தை விரலால் தடவினார். பிறகு சொன்னார்.

“டாக்டர் ரிப்போர்ட் காட்டினார். வெளியிலேர்ந்து வந்தது இல்லையாம். அவ குடல்லயே, பொறந்ததிலேர்ந்து சும்மா இருந்த கிருமி. உடம்புல காவல் இல்லன்னதும் ரத்தத்துல இறங்கிடுச்சு. நான் எல்லாத்தையும் தொடச்சேன் ரைட்டரே. அங்க எப்படித் தொடைக்கறது?”

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். யாருக்கும் கை கொடுக்காத மனுஷன், இழுத்துக்கொள்ளாமல் அப்படியே விட்டார்.

“ரெண்டு வருஷம் அவ கேட்டா. ரெண்டு வருஷமும் வேணாம்னேன்” என்றார். “எப்படிச் சாப்பிட்டா? சொல்லுங்க.”

சொன்னேன். டப்பாவைத் திறந்ததும் ஆவியில் முகத்தைக் காட்டிக் கண்ணை மூடிக்கொண்டதை. ஸ்பூன் வேண்டாம் என்று கையால் பிய்த்ததை. சட்னி இல்லாததற்கு என்னைத் திட்டியதை.

“திட்டினாளா?”

“நல்லாத் திட்டினாங்க சார்.”

“முழுசாச் சாப்பிட்டாளா?”

“கடைசியா ஒரு துண்டு வெச்சுட்டு, நீங்க சாப்பிடுங்கன்னாங்க.”

“சாப்பிட்டீங்களா?”

“சாப்பிட்டேன் சார்.”

அவர் கண்களிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை.

“முதல்லேர்ந்து சொல்லுங்க” என்றார்.

சொன்னேன். இப்போதும் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். ஒரு வார்த்தை விடாமல் சொல்கிறேன். எத்தனை தடவை கேட்டாலும் சொல்வேன்.